யாழ்ப்பாண நகரும் அதன் நிலத்தடி ஆறும்

உலகின் பெருநகரங்களுட் பல ஆற்றங்கரையில் எழுந்தவை என்பது வரலாறு பயில்வோர் யாவரும் அறிந்ததொன்றாம். நைல் நதியின்றிக் கெய்ரோ இல்லை. தேம்சு நதியின்றி இலண்டன் இல்லை. வைகையின்றி மதுரை இல்லை. நம் நாட்டிலே கண்டி மாநகரை மகாவலி கங்கை வளைந்தோடுகின்றது. கொழும்பின் வடபுறத்தே களனி கங்கை கடலொடு கலக்கின்றது. ஆறு நகருக்கு உண்ணீர் தந்தது, வழி தந்தது, கழிவை ஏற்றுக்கொண்டது. ஆதலின் ஆற்றின் வரலாறு நகரின் வரலாறாயிற்று.

யாழ்ப்பாணத்தின் நிலையோ வேறு. இக்குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மழை முகிலைத் தடுத்து நிறுத்தும் மலையும் இல்லை. தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து கந்தரோடை வழியாக அராலிக் கடல்வரை செல்லும் வழுக்கையாறும் மாரியில் ஓடிக் கோடையில் வறண்டு கிடப்பதே. அவ்வாறாகவும் ஈண்டு ஓர் அரசு நிலைபெற்றது. கோயில்களும் கலாசாலைகளும் எழுந்தன. தோட்டப் பயிர் செழித்தது. மக்கள் நெருங்கி வாழ்ந்தனர். ஆறில்லா ஊரிலே இஃது எங்ஙனம் இயன்றது? அந்த ஏற்பாடு இற்றைநாளில் எந்நிலையில் உளது? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நிலத்தின் இயல்பை நோக்குவோம். குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். கடலடியிற் படிந்த சிப்பி, பவளம் முதலியவற்றின் எச்சங்கள் இறுகி அக்கல் ஆயின. மழைநீர் அதனைச் சிறிது சிறிதாகக் கரைத்து வெடிப்புகளையும் குகைகளையும் உண்டாக்கிற்று. புத்தூரிலுள்ள நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியில் ஊறும் நீரும் அக்குகை வழிகள் மேற்பரப்பிலே திறந்த வாயில்கள் எனலாம். நிலாவரையைக் குறித்து எமேர்சன் தெனன்ற் என்பார் 1859 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் விரித்தெழுதியுள்ளார். ஆழங்காணவொண்ணாக் கிணறு என மக்கள் வியப்பது கல்லினுள்ளே மறைந்திருக்கும் இந்நீர்வழியையே.

ஆண்டுதோறும் ஏறத்தாழ 1250 மில்லிமீற்றர், அதாவது 50 அங்குலம், மழை இங்கு பெய்கின்றது. அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள மூன்று திங்களில் வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்துவிடும். அந்நீர் மண்ணினூடே இறங்கிக் கல்லின் துளைகளிலே தங்குகின்றது. அதற்குக் கீழே நாற்புறமும் கடலிலிருந்து கசிந்த உவர்நீர் கிடக்கின்றது. நன்னீர் உவர்நீரினும் பாரங் குறைந்ததாதலின் அதன்மேல் மிதக்கின்றது. நடுவிலே தடித்து ஓரங்களில் மெலிந்து ஒரு வில்லைபோல அது அமைந்திருக்கும். இவ்வுண்மையை 19 ஆம் நூற்றாண்டின் முடிவிலும் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கைபன், ஏர்சுபேக் என்னும் இருவர் தனித்தனியே ஆராய்ந்து கணக்கிட்டனர். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது அக்கணக்கு. இதன் மறுதலையே நாம் கருத்திற் கொள்ளவேண்டியது. இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓரடி தாழ்த்துவோமாயின், நாளடைவில் அடியிலுள்ள உவர்நீர் 40 அடி எழும்பும். மேலே காணும் நட்டம் சிறிது. கீழே காணாத நட்டம் பெரிது.

எனவே யாழ்ப்பாணத்துக்கும் ஓர் ஆறு உண்டு. அது நிலத்தின் அடியிலே உளது. பிற ஆறுகள் மலையிலே பிறந்து நகருக்கு வருகின்றன. இவ்வாறோ ஒவ்வொரு வீட்டு வளவிலும், ஒவ்வொரு வயலிலும், ஒவ்வொரு கோயில் வீதியிலும் பிறக்கின்றது. தன் ஆற்றின் தலையூற்றின்மீதே குடியிருக்கும் நகரங்கள் உலகிற் சிலவே. அவற்றுள் யாழ்ப்பாணமும் ஒன்று. நகர் செய்யும் நன்மையும் தீமையும் உடனே அதன் ஆற்றைச் சேர்கின்றன.

நம் முன்னோர் கைபனையும் ஏர்சுபேக்கையும் கற்றவரல்லர். ஆயினும் அவர்தம் ஏற்பாடுகள் இவ்வுண்மையோடு இயைந்திருந்தன. குடாநாட்டின் தொன்மையான குடியிருப்புகளுள் ஒன்றான கந்தரோடை வழுக்கையாற்றின் அயலிலே அமைந்தது தற்செயலன்று. 1970 ஆம் ஆண்டிலே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அங்கு அகழ்ந்து ஆராய்ந்தபோது பெருங்கற்காலப் பண்பாட்டின் எச்சங்கள் வெளிப்பட்டன. பின்னர் ஆரியச்சக்கரவர்த்திகள் நல்லூரைத் தலைநகராகக் கொண்டனர். அந்நகரின் யமுனா ஏரி இன்றும் ‘ப’ என்னும் எழுத்தின் வடிவிலே காட்சி தருகின்றது. யமுனை நீரைக் கொணர்ந்து கலந்தமையால் அப்பெயர் பெற்றதென யாழ்ப்பாண வைபவமாலை கூறும். அக்கதையை எவ்வாறு கொள்ளினும், அரசன் தலைநகரோடு ஒரு நீர்நிலையையும் அமைத்தான் என்பது தெளிவு.

குடாநாடெங்கும் ஏறத்தாழ ஆயிரம் குளங்கள் இருந்தன. வன்னியிலுள்ள பெருங்குளங்கள் வயலுக்கு நீர் பாய்ச்சுவதற்காகக் கட்டப்பட்டவை. யாழ்ப்பாணத்துச் சிறு குளங்களின் தொழிலோ பெரும்பாலும் வேறு. மாரிநீரைத் தாங்கி மெல்ல மெல்ல நிலத்துள் இறக்குவதே அவற்றின் தலையாய பயன். அயலிலுள்ள கிணறுகள் கோடையிலும் வற்றாதிருந்தமைக்கு அக்குளங்களே காரணம். கோடையிற் குளம் வற்றியதும் அடியிற் படிந்த வண்டலை வெட்டி வயலுக்கு எருவாக ஏற்றினர். அதனாற் குளம் ஆழமாயிற்று. அடைபட்ட மண் திறந்து நீர் இறங்க வழியாயிற்று. வயலும் வளம் பெற்றது. ஒரு செயல் மூன்று பயன் தந்தது. குளக்கரையில் மருதமரமும் ஆவுரோஞ்சிக்கல்லும் சுமைதாங்கியும் நின்றன. குளத்தை ஊர்ப்பொதுவாகக் காத்தற்கு இவையெல்லாம் துணைபுரிந்தன.

வயல்வரம்பும் இவ்வகையிலே நோக்கத்தக்கது. குடாநாட்டு நெல்வயல்கள் பெரும்பாலும் மழையை நம்பியவை. பெய்த நீரை வரம்பு கட்டித் தேக்கி வைத்தமையால், நெல்லுக்குப் பாய்ந்தது போக எஞ்சியது நிலத்துள் இறங்கிற்று. வேலி, வரம்பு, குளம், கேணி, துரவு என்பன தனித்தனிப் பொருள்களாகத் தோன்றினும் அவை யாவும் மழைநீர் கடலுக்கு ஓடிவிடாமற் றடுக்கும் ஒரே ஏற்பாட்டின் உறுப்புகள் என்க.

கிணற்று நீரை எடுப்பதிலும் ஓர் அளவு இருந்தது. துலா மிதித்துப் பட்டையால் இறைக்கும் காலத்தில் மனித உடலின் வலியே இறைப்புக்கு எல்லையாயிற்று. விடியுமுன் ஒருவர் துலாவில் ஏறி மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் பாத்தி மாற்றுவார். பல குடும்பங்களுக்கு ஒரு கிணறு பொதுவாயின் முறைவைத்து இறைத்தனர். காணி உறுதிகளிலே கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காற் பங்கும் எழுதப்படுவதை இன்றுங் காணலாம். நீர் தனியுடைமை மாத்திரமன்று, பங்குடைமையுமாம் என்னும் கருத்து நம் சட்ட வழக்கிலே ஊறியிருக்கின்றது.

எனினும் பண்டைக்காலத்தை முழுதும் பொற்காலமாகக் கூறுதல் வரலாற்றுக்கு முரணாகும். அந்தப் பங்குடைமை எல்லார்க்கும் உரியதாக இருக்கவில்லை. சாதியின் பெயரால் ஒரு சாரார் கிணற்றுக் கட்டிலே கால்வைக்கவும் தடுக்கப்பட்டனர். பிறர் அள்ளி ஊற்றும் வரையும் குடத்தோடு காத்துநிற்கும் இழிநிலை அவர்க்கு விதிக்கப்பட்டது. சமூகக் குறைபாடுகளை ஒழித்தற்கான சட்டம் 1957 இல் நிறைவேறிய பின்னரும், பொதுவிடங்களில் உரிமை பெற அவர்கள் போராட வேண்டியிருந்தது. அடியிலே ஓடும் நீர் யாருடைய வேலியையும் அறியாது. மேலே நின்ற மனிதரே அதற்கு வேலியிட்டனர். முன்னோரின் நீரறிவைப் போற்றும் நாம் அவர்தம் இக்குறையையும் மறவாதிருத்தல் வேண்டும்.

1619 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். அதன்பின் ஆட்சியிடம் நல்லூரை விட்டுக் கடனீரேரிக் கரையிலுள்ள பட்டினத்துக்கு மாறிற்று. 1658 இல் ஒல்லாந்தர் அப்பட்டினத்தைப் பற்றிக் கோட்டையை ஐங்கோண வடிவிற் கட்டினர். 1795 இல் ஆங்கிலேயர் வந்தனர். இம்மாற்றம் நீர் வரலாற்றிலும் முக்கியமானது. நன்னீர்வில்லை நடுவிலே தடித்தும் ஓரத்திலே மெலிந்தும் இருக்கும் என மேலே கூறினோம். கப்பலையும் வாணிகத்தையும் நோக்கி வந்தோர் நகரை நிறுத்தியது மெலிந்த ஓரத்திலாம். கடலோரக் கிணறுகள் எளிதில் உவர்பட்டன. ஆதலின் நகரத்தார் உண்ணீருக்கு உட்பகுதிக் கிணறுகளை நாடவேண்டியதாயிற்று. பிற்காலத்திலே திருநெல்வேலி, கோண்டாவில் முதலிய இடங்களிலுள்ள கிணறுகளிலிருந்து குழாய்வழி நீர் கொண்டுவரப்பட்டதற்கும் இதுவே காரணம். நகர் ஓரிடத்தில், அதன் நீர் வேறிடத்தில் என்னும் பிரிவு அன்றே தொடங்கிவிட்டது. தான் அருந்தும் நீர் எங்கே பிறக்கின்றது என்பதை நகரம் மறப்பதற்கும் அதுவே முதற்படியாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே மாற்றங்கள் விரைந்தன. 1949 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் மாநகரசபையாயிற்று. வீதிகள் அகன்றன, தார் இடப்பட்டன. மாரிநீரை விரைவாகக் கடலுக்குக் கடத்துவதே நல்ல நகரமைப்பு எனக் கருதப்பட்டது. சிறு குளங்கள் பயனற்ற பள்ளங்களாகத் தோன்றின. குப்பையாலும் மண்ணாலும் நிரவப்பட்டுச் சில மறைந்தன. எஞ்சியவற்றுட் பல கட்டடங்களால் நெருக்குண்டு சுருங்கின. காங்கேசன்துறையில் 1950 இல் உற்பத்தி தொடங்கி 1990 இல் நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலை, நன்னீரைத் தாங்கும் சுண்ணாம்புக்கல்லையே அகழ்ந்து உண்டது. நகரின் சுவர்கள் எழுந்தபோது நகரின் நீர்க்குடம் ஒருபுறம் உடைக்கப்பட்டது எனின் அது மிகையாகாது.

அதே காலத்திலே மண்ணெண்ணெயால் இயங்கும் நீரிறைப்பு இயந்திரங்கள் தோட்டங்களுக்கு வந்தன. துலாவிலே பலமணி நேரம் இறைத்ததை இயந்திரம் சிறிது நேரத்தில் இறைத்தது. உழைப்பாளியின் முதுகு நிமிர்ந்தது. அதனை யாரும் குறைகூறார். ஆயின் உடலின் சோர்வு முன்பு விதித்திருந்த எல்லை நீங்கியபோது, அதன் இடத்திலே அறிவினால் வேறோர் எல்லையை நாம் வகுக்கவில்லை. 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி தடுக்கப்பட்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பெருவருவாய் கண்டனர். செம்மண் நிலமெங்கும் இடைவிடாது பயிர் நின்றது. நீரும் மிகுதியாக இறைக்கப்பட்டது. செயற்கை உரமும் மிகுதியாக இடப்பட்டது.

இக்கட்டத்திலே ஒரு பெருந்திட்டத்தைக் குறிப்பிடல் தகும். நீர்ப்பாசனப் பொறியியலாளராய் விளங்கிய சண்முகம் ஆறுமுகம் அவர்கள் 1954 ஆம் ஆண்டில் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் கருத்தை முன்வைத்தார். வன்னியிலிருந்து கனகராயனாறு முதலியன கொண்டுவரும் வெள்ளத்தை ஆனையிறவுக் கடனீரேரியின் கிழக்குப் பகுதியிலே தேக்கி, கடல்நீர் புகாதவாறு அணைகட்டி, முள்ளியான் வழியாக ஏறத்தாழ 4 கிலோமீற்றர் நீளமான கால்வாயொன்றினால் வடமராட்சிக் கடனீரேரிக்குச் செலுத்துதல் அத்திட்டத்தின் சாரம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உள்ள தடுப்பணைகள் உவர்நீரைத் தடுக்க, கடனீரேரிகள் காலப்போக்கிலே நன்னீர் ஏரிகளாகும். அவற்றைச் சூழ்ந்த கிணறுகளும் இனிமை பெறும்.

இத்திட்டத்தின் சிறப்பு யாது? அது புதிய நீரை விரும்பிற்று. ஆயின் நிலத்தடி நீரை மறக்கவில்லை. குழாயாலே நீரைக் கொண்டுவந்து கிணற்றைக் கைவிடச் சொல்லாமல், கிணற்றுக்கே உணவூட்ட முனைந்தது. ஆனையிறவிலும் சுண்டிக்குளத்திலும் வேலைகள் ஒருபகுதி நடந்தன; முள்ளியான் கால்வாயோ முடிவுபெறவில்லை. சுண்டிக்குளத்து அணை பின்னர் வெள்ளத்தாற் சிதைந்தது. அதன்பின் வந்த போர்க்காலத்தில் அணைகளைப் பேணுவாரும் அரியராயினர். ஆறு தலைமுறை காத்திருந்தும் வாரா விருந்தினர்போல அத்திட்டம் பேச்சளவில் நிற்கின்றது என வருந்துவோர் பலர். கடனீரேரியை நன்னீராக்கின் மீனும் இறாலும் பிடித்து வாழ்வோர்க்கு என்ன நேரும் என்னும் வினாவும் இன்று எழுப்பப்படுகின்றது. அது புறக்கணிக்கத்தக்க வினாவன்று.

நீரின் அளவைப் பற்றி இதுவரை கூறினோம். அதன் தூய்மையைப் பற்றிக் கூறுவது இதனினும் இன்றியமையாதது. இங்கே இலண்டன் மாநகரின் வரலாறு ஒப்புநோக்கத்தக்கது. 1858 ஆம் ஆண்டுக் கோடையிலே தேம்சு நதி தாங்கொணாத் துர்நாற்றம் வீசிற்று. நகரின் மலசலம் முழுவதும் அந்நதியிலே விழுந்தமையே காரணம். நதிக்கரையிலிருந்த பாராளுமன்றத்தாரின் மூக்கிற்கே அந்நாற்றம் எட்டியமையால், நெடுநாள் ஆராய்ந்தும் முடிவுறாதிருந்த சட்டம் சில நாளிலே நிறைவேறிற்று. யோசேப்பு பாசல்கெற் என்னும் பொறியியலாளர் பெருங்கழிவுக் கால்வாய்களை நகரின் கீழே அமைத்தார். நதியின் நாற்றம் நகரைக் காத்தது என ஒருவகையிற் கூறலாம்.

யாழ்ப்பாணத்தின் ஆறு கண்ணுக்குப் புலனாகாதது. ஆதலின் அது நாறுவதில்லை. நம் வீடுகளிற் பெரும்பாலானவை மலக்குழிகளையே நம்பியுள்ளன. அக்குழிகளின் அடி திறந்திருப்பின், வெடிப்பு நிறைந்த சுண்ணாம்புக்கல்லினூடே கழிவு விரைந்து இறங்கும். முன்பு இரண்டு ஏக்கர் வளவில் ஒரு வீடும் ஒரு கிணறும் இருந்த இடத்திலே இன்று பத்து வீடுகளும் பத்துக் கிணறுகளும் பத்துக் குழிகளும் உள்ளன. ஒருவர் குழிக்கும் அயலவர் கிணற்றுக்கும் இடையே ஒரு மதிலே உண்டு. மதில் நிலத்தின்மேல் நிற்பது. நீர் அதன் கீழாற் செல்வது.

தோட்டத்து உரமும் குழியின் கழிவும் சேர்ந்து நைத்திரேற்று என்னும் பொருளை நீரிலே கூட்டுகின்றன. உண்ணீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை கடந்துள்ளதை 1980 களிலேயே ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். அப்பொருளுக்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்கவைத்தாலும் அது நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். புட்டிப்பாலுண்ணும் சிசுக்களின் குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்க வல்லது. தாயானவள் தூய்மையென நம்பிக் காய்ச்சிக் கரைக்கும் நீரே குழந்தைக்குத் தீங்காகும் நிலை இதனினும் கொடிது வேறில்லை.

சுன்னாகத்திலே நிகழ்ந்தது யாவருக்கும் நினைவிருக்கும். 2013 முதல் 2015 வரையுள்ள காலத்திலே அப்பகுதிக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தமை பெருங் கலக்கத்தை உண்டாக்கிற்று. மின்னுற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெயே காரணமென மக்கள் முறையிட்டனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஆம் ஆண்டில் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு மின்னுற்பத்தி நிறுவனத்துக்கு ஆணை பிறந்தது. அவ்வழக்கு நிலத்தடி நீர் பொதுச்சொத்து என்பதை நாடறியச் செய்தது. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தமையால் ஊர் திரண்டது. கண்ணுக்குத் தெரியாத நைத்திரேற்றுக்கு எதிராக எவர் திரண்டனர்?

இனி, வெள்ளத்தையும் நோக்குவோம். 2008 ஆம் ஆண்டு கார்த்திகையில் நிஷா புயலின்போதும், 2024 ஆம் ஆண்டு கார்த்திகையில் பெய்த பெருமழையின்போதும் குடாநாட்டின் தாழ்நிலங்கள் நீரில் மூழ்கின. மக்கள் வீடுவிட்டுப் பாடசாலைகளிலே தங்கினர். மார்கழியில் வெள்ளம், ஆனியில் வறட்சி என்னும் இரண்டும் ஒரே நோயின் இரு குறிகளாம். குளம் இருந்த இடத்தில் வீடும், வாய்க்கால் இருந்த இடத்தில் மதிலும், முற்றத்து மண் இருந்த இடத்திற் சீமெந்தும் வந்தமையால், இறங்கவேண்டிய நீர் மேலே நின்று வருத்துகின்றது. கடல்மட்டம் உயர்ந்துவருவதாகவும் மழை குறைந்த நாளில் மிகுந்த வேகத்தோடு பெய்யும் போக்கு வலுப்படுவதாகவும் அறிவியலாளர் கூறும் இக்காலத்தில் இது மேலும் கவலைக்குரியதாம்.

2010 களிலே இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டம் வகுக்கப்பட்டபோது, கிளிநொச்சி விவசாயிகள் தம் வயலுக்கு நீர் போதாமற் போகும் என எதிர்த்தனர். அவர்தம் அச்சம் நியாயமானதே. பின்னர் வடமராட்சி கிழக்கில் தாளையடியிலே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தருவது அதன் கொள்திறன். இது புத்தாக்கத்தின் வெற்றி என்பதில் ஐயமில்லை. உவர்நீரையே குடிக்கவேண்டியிருந்த பலர்க்கு இஃது ஒரு விடுதலையுமாம்.

ஆயினும் ஒரு சிறு கணக்கைச் செய்துபார்ப்போம். மாநகரசபை எல்லையின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர். அதன்மேல் ஆண்டுக்கு 1250 மில்லிமீற்றர் மழை பெய்யின் அது 2 கோடி 50 இலட்சம் கன மீற்றர் நீராகும். கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் ஆண்டு முழுவதும் இடையறாது இயங்கினும் 88 இலட்சம் கன மீற்றர் அளவே தரும். அஃதாவது வானம் நகரின்மேல் விலையின்றி ஊற்றுவது, பெருஞ்செலவில் இயங்கும் நிலையம் தருவதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. மழையிற் பெரும்பகுதி ஆவியாகும் என்பதும், எஞ்சியது முழுவதையும் பிடிக்க இயலாது என்பதும் உண்மையே. ஆயினும் நாலு பரப்பு வளவொன்றின்மேலே ஆண்டுதோறும் 12 இலட்சம் லீற்றருக்கு மேற்பட்ட நீர் விழுகின்றது என்பதை அறிந்த ஒருவர், தம் முற்றத்து நீரை வீதிக்கு வழியவிடச் சிறிது தயங்குவார்.

கடல்நீரை நன்னீராக்க ஒரு கன மீற்றருக்கு மூன்று நான்கு கிலோவாற்று மணி மின்வலு வேண்டும். மின்வலு நின்றால் நீர் நிற்கும். இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. குழாயிலே நல்ல நீர் வரும்போது கிணற்றைப் பற்றிய கவலை அற்றுப்போகும். கிணறு குப்பைக் குழியாகும். அது மதிப்பிழந்தபின் நிலத்தடி நீர் மாசுறினும் முறையிடுவார் இரார். நல்லூரை விட்டுக் கடலோரம் சென்ற நகர் அன்று மறக்கத் தொடங்கியதை, குழாய்நீர் இன்று முற்றாக மறப்பித்துவிடலாம்.

புத்தாக்கத்தை வெறுத்தல் நம் கருத்தன்று. இயந்திரம் வேண்டா, துலாவே போதும் என்பாரோடு நாம் உடன்படோம். புதிய ஏற்பாடு எதனையும் ஓர் அளவுகோலால் அளத்தல் வேண்டும் என்பதே நாம் கூற வந்தது. அது நிலத்தடி ஆற்றுக்குக் கொடுக்கின்றதா, அதனிடமிருந்து எடுக்கின்றதா? எடுப்பின், எடுத்ததை ஈடுசெய்ய வழி வகுத்துள்ளதா? ஆறுமுகம் அவர்களின் திட்டம் இவ்வளவுகோலுக்கு ஈடுகொடுக்கும். நீரிறைப்பு இயந்திரம் அளவோடு பயன்பட்டால் ஈடுகொடுக்கும். குளத்தை நிரவி எழும் கட்டடம் எத்துணை அழகியதாயினும் ஈடுகொடாது.

செய்யத்தக்கவை சிலவற்றைச் சுருக்கிக் கூறுவாம். நகர எல்லையிலுள்ள குளங்களின் பரப்பையும் அவற்றுக்கு நீர் வரும் வாய்க்கால்களையும் அளந்து எல்லைக்கல் நாட்டிப் பதிவுசெய்தல் முதற்பணி. 2021 இல் ஆரியகுளம் தூர்வாரித் திருத்தப்பட்டது. அழகிய நடைபாதையோடு நில்லாது, மழைநீர் வந்து சேரும் வழியும் வண்டலகற்றும் ஆண்டு வழக்கமும் ஒவ்வொரு குளத்துக்கும் வேண்டும். வீதிக் கான்கள் கடலுக்குச் செல்லுமுன் குளத்துக்குச் செல்லுமாறு அமைத்தல் இரண்டாவது. ஆயின் கழிவுநீர் அவற்றிற் கலவாதவாறு காத்தல் வேண்டும். புதிய வீடுகளிலே அடி மூடிய மலக்குழிகளைக் கட்டுவித்தலும், காலப்போக்கில் நெருங்கிய பகுதிகளுக்குப் பொதுக் கழிவுக் குழாய்த்தொகுதி அமைத்தலும் மூன்றாவது. மண்ணைச் சோதித்து அளவறிந்து உரமிடத் தோட்டக்காரருக்கு வழிகாட்டல் நான்காவது.

ஐந்தாவது நம் பாடசாலைகளின் கடமையாம். ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு கிணறு உண்டு. மாதந்தோறும் அதன் நீர்மட்டத்தை மாணவர் அளந்து எழுதிவைத்தால், பத்தாண்டில் அது குடாநாட்டின் அரியதொரு வரலாற்று ஏடாகும். மழைமானியொன்றும், கயிறும் அளவுநாடாவும், உவர்ப்பளக்கும் சிறு கருவியொன்றும் இதற்குப் போதும். விஞ்ஞான ஆசிரியர் அளவிடக் கற்பிப்பர். கணித ஆசிரியர் வரைபு கீறக் கற்பிப்பர். வரலாற்றாசிரியர் ஊர்க் குளங்களின் பெயரையும் பழங்கதையையும் முதியோரிடம் கேட்டெழுதத் தூண்டுவர். அரசர் பெயரையும் போர் நடந்த ஆண்டையும் மனனஞ் செய்யும் மாணவன், தான் குடிக்கும் நீரின் வரலாற்றை அறியாதிருத்தல் தகுமா?

வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுவே. யாழ்ப்பாணத்தை ஆண்டோர் பலர் மாறினர்; தலைநகர் இடம் பெயர்ந்தது; கோட்டை எழுந்தது, இடிந்தது. மாரிதோறும் இறங்கிக் கோடைதோறும் ஊட்டிய நிலத்தடி ஆறு மாத்திரம் யாரையும் கேளாது எல்லோரையும் காத்தது. இதுகாறும் அது நம்மைத் தாங்கிற்று. இனி அதனைத் தாங்குதல் நம் கடன். மழை ஆண்டுதோறும் தவறாது வருகின்றது. அதனை வரவேற்க ஓர் அடி வெறுமண்ணையேனும் நாம் விட்டுவைத்திருக்கின்றோமா என்பதிலேதான் இந்நகரின் எதிர்காலம் தங்கியுள்ளது.